நன்னன் பெயரைச் சொல்லுங்கள், சோறு கிடைக்கும்!

கேள்வி-பதில்

கற்பனைக் கதைகளில் வரும் அறம் தவறாத அரசனைப் பற்றி வாசகர்கள் ஆர்வமாகக் கேட்டிருக்கிறார்கள். ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை எல்லாப் பதில்களும் அந்த மலையை ஒட்டியே.

கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

இணையத்தில் வரும் 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' என்ற ஆங்கிலப் படக்கதையை விடாமல் படிக்கிறேன். அதில் ஹிஞ்சோ என்ற இளம் அரசன்தான் எனக்குப் பிடித்தவன். சொன்ன சொல் தவறமாட்டான், நியாயம் தவறமாட்டான். நம் பக்கம் இப்படி ஒருவன் உண்டா?

உண்டு. உங்கள் ஊரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அவனுடைய தலைநகரில் இறங்கிவிடலாம். செங்கம்! சங்க காலத்தில் அதன் பெயர் செங்கண்மா. ஜவ்வாது மலையின் தெற்கடிவாரத்தில் இருந்துகொண்டு பல்குன்றக் கோட்டத்தை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். நன்னனின் மகன் நன்னன் என்று பொருள். பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் முழுவதும் அவனுக்காகப் பாடப்பட்டது. ரிச் பர்லூ 2003-இல் தொடங்கிய உங்கள் படக்கதையில் ஹிஞ்சோவுக்கு வாள் உண்டு, தெய்வம் கொடுத்த சக்தி உண்டு, ஏறிப் போக ஓநாய்கூட உண்டு. நன்னனுக்கு இதெல்லாம் இல்லை. ஆனால் அவன் பெயரைச் சொன்னால் முன்பின் தெரியாத காட்டிலும் சோறு கிடைத்தது. எனக்கு அதுவே பெரிய சக்தி.

பள்ளி மாணவன், போளூர்

'பாலடின்' என்றால் யார்? சாதாரண வீரனுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண வீரன் தோற்றால் உயிர் போகும். பாலடின் அறம் தவறினாலே எல்லாம் போகும். ஐரோப்பியப் பழங்கதைகளில் சார்லமேன் பேரரசனைச் சூழ்ந்து நின்ற பன்னிரண்டு வீரர்களை அப்படி அழைத்தார்கள். 1975-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் அந்தப் பெயருக்குக் கடுமையான ஒரு விதி சேர்ந்தது. ஒழுக்கம் தவறிய நிமிடமே பாலடினின் சக்தி பறிபோய்விடும். ஹிஞ்சோவும் ஒரு பாலடின். அவன் கதை அந்த விதியின் மேல்தான் நிற்கிறது, தம்பி.

வாசகர், ஆரணி

அந்த விதி கதையில் சரி. நிஜ அரசன் அறம் தவறினால் தண்டிப்பது யார்?

நம் ஊரில் புலவர்கள் தண்டித்தார்கள். எத்தனை தலைமுறை ஆனாலும் தீராத தண்டனை அது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தமிழாசிரியை, வந்தவாசி

நன்னன் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, மாங்காய் தின்ற பெண்ணைக் கொன்ற நன்னன். அவனையா அறத்தின் வடிவம் என்கிறீர்கள்?

அவன் வேறு, அம்மா. அவன் மேற்குக் கரையில் ஏழில்மலைப் பக்கத்து நன்னன். ஆற்றில் மிதந்து வந்த பச்சை மாங்காயை ஒரு பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அது அவனுடைய காவல் மரத்துக் காய். அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்று அவள் வீட்டார் கெஞ்சியும் கேளாமல் கொன்றான். குறுந்தொகை 292-ஆம் பாட்டில் பரணர் அவனைப் பெண்கொலை செய்தவன் என்றே குறிக்கிறார்.

தண்டனை அதோடு முடியவில்லை. புறநானூறு 151-ஆம் பாட்டின் பின்னணியைப் பாருங்கள். இளங்கண்டீரக்கோவும் இளவிச்சிக்கோவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். பெருந்தலைச் சாத்தனார் வந்து முதலாமவனைத் தழுவிக்கொண்டார், இரண்டாமவனைத் தொடவில்லை. ஏன் என்று அவன் கேட்டதற்கு, நீ அந்த நன்னன் வழியில் வந்தவன், உங்கள் வீட்டுக் கதவு பாடி வருகிறவர்களுக்கு அடைத்தே கிடக்கிறது, அதனால் எங்களைப் போன்றவர்கள் உங்களைப் பாடுவதில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு மாங்காய்க்காகச் செய்த கொடுமை பின்வந்த ஒருவனுக்குக் கிடைக்க வேண்டிய அணைப்பைத் தடுத்தது. செங்கம் நன்னனுக்கோ 583 அடியில் ஒரு பாட்டு கிடைத்தது. ஒரே பெயர் கொண்ட இருவர். ஒருவனுக்குப் பழி, ஒருவனுக்குப் புகழ். பெயரில் எதுவும் இல்லை, நடத்தையில்தான் எல்லாம்.

வணிகர், செங்கம்

எங்கள் ஊரைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது என்று எப்படி நம்புவது?

பாட்டில் வரும் சேயாற்றைக் கேளுங்கள். ஜவ்வாது மலையில் பிறந்து உங்கள் பக்கமாக இறங்கி வருகிற செய்யாறு அதுதான். நவிரம் என்ற மலையையும் அங்கே குடியிருக்கும் காரியுண்டிக் கடவுளையும் பாட்டு சொல்கிறது. அந்த நவிரம் இன்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி பக்தர்கள் ஏறுகிற பர்வதமலை. ஊர், ஆறு, மலை மூன்றும் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன. வேறு சாட்சி எதற்கு?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கலசப்பாக்கம்

மலைபடுகடாத்தில் நன்னனைவிட வழிதான் அதிகம் வருகிறது. அரசனைப் பாட வந்த புலவர் ஏன் பாதையைப் பாடினார்?

அரசனை அளக்கப் பாதையைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பதால்.

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்ன செய்கிறார் பாருங்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்த பிறகே நடங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், பார்த்து வையுங்கள் காலை. தினைப்புனத்துப் பரண்களிலிருந்து யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள். இப்படி ஒவ்வோர் ஆபத்தையும் பெயர் சொல்லி எச்சரிக்கிறான்.

அந்த எச்சரிக்கைகளுக்கு நடுவே ஓர் அருமையான இடம் வருகிறது. பாதை பிரிகிற இடத்தில் ஊருக்குப் புதியவர்கள் தடுமாறுவார்கள். அதனால் நீங்கள் சரியான வழியைக் கண்டுபிடித்ததும் அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். பரிசு வாங்கப் போகிற ஏழைக் கூத்தன், தனக்குப் பின்னால் வரப்போகிற இன்னொரு ஏழைக்காகக் குனிந்து புல்லை முடிகிறான். அரசன் நல்லவனாக இருந்தால் வழிப்போக்கனுக்கும் அந்த நல்ல குணம் வந்துவிடுகிறது. நன்னனின் கொடையைப் பற்றிப் பாட்டில் எத்தனையோ சொல்லியிருக்கிறது. எனக்கு இந்தப் புல் முடிச்சு போதும்.

இல்லத்தரசி, திருப்பத்தூர்

வழியில் என்னென்ன சாப்பாடு கிடைத்ததாம்?

தினைச்சோறு, நெய்யில் வெந்த இறைச்சி, மூங்கில் குழாயில் ஊறிய தேறல், மூங்கிலரிசி, அவரை விதை, புளி, மோர். உடும்பும் முள்ளம்பன்றியும்கூடப் பட்டியலில் உண்டு. ஆயர் குடிக்குப் போனால் பால் கொடுத்து, படுக்கத் தோல் விரித்து, குளிருக்குத் தீயும் மூட்டித் தருவார்கள். இத்தனைக்கும் செலவு ஒரே ஒரு வாக்கியம்: 'நாங்கள் நன்னனைப் பார்க்கப் போகிறோம்.' சொன்னால் போதும், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையலாம் என்கிறது பாட்டு.

இளைஞர், ஜமுனாமரத்தூர்

அரசன் கொடுத்தால் அவன் பெருமை. மக்கள் சோறு போட்டால் அது எப்படி அரசனுக்குப் பெருமை ஆகும்?

பயம் இருக்கிற நாட்டில் அந்நியனுக்குக் கதவு திறக்காது. வரிக்காரன் நேற்று வந்து தானியத்தை அள்ளிப் போயிருந்தால், இன்று வருகிறவனுக்குப் போட வீட்டில் சோறு இருக்காது. அரசன் பெயரைக் கேட்டதும் குடியானவன் முகம் மலர்ந்தால், அந்த அரசன் அவனைச் சுரண்டவில்லை என்று பொருள். சபையில் எவனும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாம். மலை உச்சியில் தனியாக இருக்கிற குடிசையில் பொய்ப்புகழ் செல்லாது.

வழக்கறிஞர், வேலூர்

அரண்மனைக்குள் அவன் எப்படி? பாதையில் நல்ல பெயர் எடுத்துவிட்டுச் சபையில் சர்வாதிகாரியாக இருந்தவர்கள் உண்டே?

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான். பெருங்கௌசிகனார் நன்னனின் சபையைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். கற்றவர்கள் கூடிய சபை அது. அங்கே வருகிறவர்களில் சிலருக்குத் தாங்கள் நினைத்ததைச் சரியாகச் சொல்ல வராது. மற்ற இடங்களில் என்ன நடக்கும்? சிரிப்பார்கள், அல்லது வெளியே அனுப்பிவிடுவார்கள். நன்னனின் சுற்றத்தார் அவருடைய குறையை மறைத்து, அவர் சொல்ல வந்ததைத் தாங்களே எடுத்துக் கொடுத்து, சோர்வில்லாமல் விளக்கி, அவரை நல்லபடியாக நடத்திச் செல்வார்களாம்.

இதைவிட நாகரிகமான ஓர் ஆட்சிக் குறிப்பை நான் படித்ததில்லை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனுவோடு நிற்கும் மலைக்கிழவியை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன துறை, எந்தப் பிரிவு, எந்தப் படிவம் என்று அவருக்குத் தெரியாது. அவர் பேச்சை எடுத்துக் கொடுக்க ஒருவர் பக்கத்தில் நின்றால் அது நன்னன் சபை. 'போய் எழுதிக்கொண்டு வா' என்றால் வேறு சபை.

பொறியாளர், ஓசூர்

புலவர்கள் பரிசுக்காகப் பாடியவர்கள்தானே? விளம்பரத்தை வரலாறு என்று நம்பலாமா?

பரிசுக்காகப் பாடினார்கள் என்பது உண்மை. பரிசையே தூக்கி எறிந்தார்கள் என்பதும் உண்மை. ஜவ்வாதுக்கு மேற்கே தகடூரில், இன்றைய தருமபுரியில், ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். அவனிடம் போன பெருஞ்சித்திரனார், அவன் நேரில் பார்க்காமல் ஆள் மூலம் அனுப்பிய பரிசை வாங்க மறுத்துவிட்டார். முகம் பாராமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை என்றார். அதே அதியமான் பரிசு தராமல் காலம் கடத்தியபோது ஔவையார் அவன் வாயில் காவலனைக் கூப்பிட்டு, உன் தலைவனுக்குத் தன்னையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். புறநானூறு இரண்டையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. விளம்பரம் என்றால் இந்தப் பாட்டுகள் மிஞ்சியிருக்காது.

ஆய்வு மாணவர், திருக்கோவிலூர்

அதியமானுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டா?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உண்டு. ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சத்தியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று சொல்கிறது. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரும் வருகிறார்கள். அவர்கள் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஜம்பைப் பாறை ஒரே வரியில் விடை சொன்னது. துறவிகளுக்குத் தங்க இடம் கொடுத்த செய்திதான் அந்த மாவீரனின் கல்வெட்டு. போர் வெற்றி ஒன்றையும் அவன் அங்கே வெட்டவில்லை.

படக்கதை வாசகர், சென்னை

ஹிஞ்சோவின் நகரம் எதிரிகளிடம் விழுந்துவிடுகிறது. நாட்டைக் காப்பாற்ற முடியாதவன் எப்படி நல்ல அரசன்?

அவன் எப்படித் தோற்றான் என்று பாருங்கள். பிரபுக்கள் தங்கள் படைகளைக் கூட்டிக்கொண்டு நழுவிய பிறகும் அவன் மதிலில் நின்று சண்டை போட்டான். நகரம் கைவிட்டுப் போனபோது தப்பிய மக்களைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு கடலில் அலைந்தான். நகரம் போயிற்று, மக்கள் அவனோடு இருந்தார்கள். அரசனுக்கு மக்கள்தான் நாடு.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமா? 1772-இல் காளையார்கோவில் போரில் கணவரை இழந்தார் வேலு நாச்சியார். கைக்குழந்தையான மகளோடு விருப்பாட்சிப் பக்கம் போய், ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, எட்டு ஆண்டு காத்திருந்து 1780-இல் சிவகங்கையை மீட்டார். அவர் இருந்த இடத்தைக் காட்டிக் கொடுக்க மறுத்து உயிர்விட்டவள் உடையாள் என்று சிவகங்கைச் சீமையில் சொல்வார்கள். ராணி தன் பெண்கள் படைக்கு அந்தப் பெயரையே வைத்தார். நாடு இல்லாத காலத்திலும் உயிர் கொடுக்க ஆள் இருந்தால், அந்த ஆட்சி தோற்கவில்லை.

கல்லூரி மாணவர், வாணியம்பாடி

ஹிஞ்சோவின் மாமா ஷோஜோ பைத்தியம்போல் நடித்து, பொய் சொல்லி, நாட்டைக் காப்பாற்றினார். நல்லதுக்காகப் பொய் சொன்னால் தப்பா?

பொய்மையும் வாய்மை இடத்த என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார், ஆனால் குற்றமற்ற நன்மை தந்தால் என்ற நிபந்தனையோடு. ஷோஜோ தன்னைக் கொல்லத் துடித்த பிரபுக்களிடம் நடித்தார், அது புரிகிறது. தன்னை நம்பிய வீரர்களிடமும் நடித்தார், அங்கேதான் இடறினார். உண்மை வெளிப்பட்டதும் ஹிஞ்சோ, மாமா என்று பார்க்காமல் விசாரணைக்கு நிற்க வேண்டும் என்றான். கன்றுக்குட்டிக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த முடிவு புதிதல்ல. சொந்தக்காரனுக்கு வேறு சட்டம் இல்லை என்பதில் இருவரும் ஒன்று. விசாரணைக்குப் பிறகே தீர்ப்பு என்பதில் ஹிஞ்சோ ஒரு படி மேல்.

அதே மாணவர்

அதே கதையில் வரும் மிகோ? அவளும் பாலடின்தானே, அவள் ஏன் விழுந்தாள்?

அவள் ஒருவரையும் கேட்கவில்லை. தானே சாட்சி, தானே நீதிபதி என்று முடிவு செய்து ஆயுதமில்லாத கிழவர் ஷோஜோவை வெட்டினாள். அந்தக் கணமே சக்தி போயிற்று. தன் நேர்மையில் சந்தேகமே வராதவர் கையில் வாள் இருப்பது ஆபத்து. அப்போதும் ஹிஞ்சோ அவளிடம், சரணடை, நியாயமான விசாரணை நடக்கும் என்று சொன்னான் அல்லவா? அவனை நான் மதிப்பது அந்த வாக்கியத்துக்காக.

விவசாயி, தண்டராம்பட்டு

எங்கள் வயல் பக்கம் வீரன் உருவம் செதுக்கிய பழைய கல் ஒன்று கிடக்கிறது. நீங்கள் பேசும் அரசர்களுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. நன்னனைப் பார்க்கப் போகிற வழியிலேயே நடுகற்கள் நிற்கின்றன என்று மலைபடுகடாம் சொல்கிறது. ஓடிப்போகாமல் நின்று இறந்தவர்களின் பெயர் பொறித்த கற்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. அவ்வளவு கற்கள் உங்கள் வட்டாரத்தில்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் விழுந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு திருடர்களைக் கடித்து, அவனுக்குக் காவலாக நின்றது. கல்லில் வீரனுக்குப் பின்னால் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் வெட்டினார்கள். பேரரசன் பெயர் ஆண்டுக் கணக்குக்கு வருகிறது, புகழ் மாட்டுக்காரனுக்கும் அவன் நாய்க்கும் போகிறது. விசுவாசத்துக்குப் பதவி பார்க்காத ஊர் அது.

உங்கள் கல்லை நகர்த்தாதீர்கள், சுண்ணாம்பு அடிக்காதீர்கள், எழுத்து இருந்தால் சுரண்டாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தகவல் கொடுங்கள். உங்கள் நிலத்தில் ஒருவன் 1,300 ஆண்டாகக் காவல் நிற்கிறானோ என்னவோ!

மாணவி, புதூர்நாடு

நாங்கள் மலையாளிப் பழங்குடி. பாட்டில் வரும் குறவர்கள் எங்கள் முன்னோரா?

உங்கள் பெரியவர்கள் வேறு கதை சொல்வார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பிகள் புறப்பட்டு ஆளுக்கொரு மலைக்குப் போனார்கள் என்பது மலையாளி மக்களின் வாய்மொழி வரலாறு. அதை அவர்கள் சொல்கிறபடியே மதிப்போம், பாட்டோடு வலிந்து முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் பாட்டு சொன்ன மலை இன்று உங்கள் கையில். சாமையும் தேனும் புளியும் பலாவும் விளைகிற மலை. இரத்தத்தால் வாரிசா என்று தேடாதீர்கள். அந்த மலையை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நீங்கள், அந்த உரிமை போதும்.

சமூகப் பணியாளர், திருவண்ணாமலை

நன்னன் இன்று வந்தால் ஜவ்வாது மலையில் முதலில் என்ன செய்வான்?

கேட்பான். அவனுக்குச் சொல்ல நமக்கு நிறைய இருக்கிறது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் அதிரடிப்படை சுட்டு 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. செம்மரம் கடத்த வந்தவர்கள் தாக்கினார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்காமல் நியாயமான விசாரணை கேட்டன. அவர்கள் மரம் வெட்டப் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மரம் வெட்டியதற்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது, அது மரணம் அல்ல. தன்னைக் கொல்லச் சதி செய்த பிரபுவைக்கூட நீதிமன்றத்தில் நிறுத்தத்தான் ஹிஞ்சோ நினைத்தான். கூலிக்குப் போன ஏழைக்கு அந்த ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்க வேண்டும். ஒரு மாங்காய்க்குப் பெண்ணைக் கொன்றவனை நாம் இன்னும் மன்னிக்கவில்லை. மரத்தின் விலையையும் மனிதனின் விலையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்று அப்போதே படித்தவர்கள் நாம்.

ஊரில் வேலை இருந்தால் எவரும் அந்தக் காட்டுக்குப் போகமாட்டார். 2006 வன உரிமைச் சட்டம், நில உரிமை கோரிக்கையைப் பரிசீலிக்கும் வேலையைக் கிராம சபையிடமிருந்தே தொடங்கச் சொல்கிறது. அந்தச் சபையில் சொல்லத் தெரியாதவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறவர்கள் வேண்டும். நன்னன் வந்தால் அந்த வேலையைத்தான் முதலில் தன் சுற்றத்தாரிடம் ஒப்படைப்பான்.

கல்லூரி மாணவி, ஆலங்காயம்

இன்று எங்கள் மலையில் அறம் காக்கும் ஆள் யாராவது உண்டா, பழங்கதை இல்லாமல்?

உண்டு, அவர் பெயர் ஸ்ரீபதி. புலியூர்ப் பக்கத்து மலையாளிப் பெண். ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு, பிறகு சட்டம். 2023 நவம்பரில் குழந்தை பிறந்து இரண்டே நாளில் சென்னை வரை பயணம் செய்து சிவில் நீதிபதித் தேர்வை எழுதினார். 2024-இல் தேர்வானார், வயது 23. அவருடைய சமூகத்திலிருந்து அந்த இடத்தைத் தொட்ட முதல் பெண். முதல்வர் வரை பாராட்டினார்கள். வாள் ஏந்திய பாலடினை நீங்கள் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் கேட்டுத் தீர்ப்பு எழுதும் நாற்காலியில் மலைமகள் உட்கார்ந்துவிட்டாள். அவர் நடந்த பாதையில் புல் முடிந்து வைத்திருக்கிறார், நீங்கள் பின்தொடருங்கள்.

ஓவியர், சிவகாசி

நன்னன் கதையைத் தமிழில் படக்கதையாக வரைய ஆசை. ஏதாவது யோசனை?

உடனே தொடங்குங்கள். 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் கிளம்பிய ஊர் உங்களுடையது. மூன்று யோசனைகள். முதலாவது, நன்னனை முதல் பக்கத்தில் காட்டாதீர்கள். பசித்த கூத்தர் கூட்டத்தில் தொடங்குங்கள், மத்தளமும் யாழும் தோளில் தொங்கட்டும். இரண்டாவது, சத்தங்களை வரையுங்கள். அருவி, யானைப் பிளிறல், தேன் எடுப்பவர்களின் ஆரவாரம், புலி அடித்த கணவனின் புண் ஆற வேண்டும் என்று கொடிச்சி பாடும் பாட்டு, எல்லாம் மலைபடுகடாத்தில் வரிசையாக இருக்கின்றன. மூன்றாவது, கடைசியில் நன்னன் பரிசு தருகிற காட்சியில் அவன் முகத்தில் திருப்தியைப் போடாதீர்கள். அரசையே கொடுத்தாலும் போதாது என்று நினைக்கிறவன் அவன் என்கிறார் புலவர். வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்றால் நாள் கடத்தாமல் முதல் நாளே கொடுத்து அனுப்புகிறவன். அந்த அவசரம் கோட்டில் வந்துவிட்டால் உங்கள் படக்கதை வென்றது.

வாசகி, காஞ்சிபுரம்

வாள், வாக்கு, வள்ளல் குணம் மூன்றில் ஓர் அரசனுக்கு எது முக்கியம்?

காது.

முதல் தலைமுறை வாக்காளர், செய்யாறு

வாழ்க்கையில் முதல் ஓட்டுப் போடப் போகிறேன். நல்ல தலைவரை அடையாளம் காண ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

மேடையைப் பார்க்காதீர்கள், அவருடைய தொகுதியின் கடைசி ஊருக்குப் போய்ப் பாருங்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு அப்பால், ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டி அவர் பெயரைச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர் முகம் மலர்ந்தால் தயங்காமல் போடுங்கள். முகம் சுருங்கினால் அடுத்த பெயரைப் பாருங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜமுனாமரத்தூர் போனால் பீமன் அருவியோடு திரும்பிவிடாதீர்கள். மலைக்காரர்களிடம் சாமை வாங்குங்கள், தேன் வாங்குங்கள், அவர்கள் சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். போகும் முன் உ.வே.சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றித் தந்த பத்துப்பாட்டில் மலைபடுகடாத்தை ஒரு முறை படித்துவிட்டுப் போங்கள்.